அச்சு அசல்தான், உண்மைதானா?

"ஐயா, பெரியார் படம் கொண்டுவந்திருக்கிறேன்!"

மூச்சிரைக்க ஓடிவந்து நின்றான் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். மறுநாள் செப்டம்பர் 17. பெரியாரின் பிறந்தநாளைச் சமூகநீதி நாளாகக் கடைப்பிடிக்கும்படி 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கீரனூரில் நாம் பணியாற்றும் பள்ளியில் உறுதிமொழி ஏற்க ஏற்பாடாகியிருந்தது. மேசைமீது வைக்க ஒரு படம் வேண்டும் என்றோம். பையன் தன் கைக்காசைச் செலவிட்டு, பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமும் போட்டுக் கொண்டுவந்துவிட்டான்.

பார்த்தோம். வெண்தாடி இருந்தது. கருஞ்சட்டை இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது, கைத்தடி இருந்தது. எல்லாம் இருந்தன, பெரியார்தான் இல்லை! 2007-இல் வெளிவந்த 'பெரியார்' திரைப்படத்தில் அவர் வேடம் ஏற்ற நடிகர் சத்யராஜ் அந்தச் சட்டத்துக்குள் இருந்தார்.

பையனைக் கடிந்துகொள்ளவில்லை. வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் படத்தைக் காட்டி, "இவர் யார்?" என்று கேட்டோம். "பெரியார்" என்று ஒரே குரலில் விடை வந்தது. "அச்சு அசல், ஐயா!" என்று ஒருத்தி பாராட்டவும் செய்தாள். அசலைப் பாராதவர் எப்படி அச்சு அசல் என்று தீர்ப்புக் கூறுகிறார்? இந்தக் கேள்வி அன்று நம் நெஞ்சில் தைத்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

புகழ்பெற்ற மனிதரின் வாழ்க்கையைத் திரையில் காட்ட முனைவோர், முதலில் தேடி எடுப்பது அம்மனிதரின் புகைப்படத்தைத்தான். அதைப் பார்த்துத் தாடி ஒட்டுகிறார்கள், தலைப்பாகை கட்டுகிறார்கள், நாற்காலியின் காலைக்கூட அதே வளைவில் செய்யச் சொல்கிறார்கள். பின்னர், புகைப்படத்தில் உள்ள அதே நிலையில் நடிகரை அமர்த்திக் காட்சியைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்துகிறார்கள். கொட்டகை கைதட்டுகிறது. மறுநாள் இதழ்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, "என்னே ஒற்றுமை!" என்று வியக்கின்றன. நம் நாட்டுத் திரைப்பட விமரிசனத்தில் பெரும்பகுதி அந்த வியப்போடு முடிந்துவிடுகிறது.

நாம் கேட்கிறோம்: அந்த ஒற்றுமை எதற்கு ஒற்றுமை? முகத்துக்கா, வாழ்வுக்கா? உடைக்கா, உள்ளத்துக்கா? ஒப்பனைக்காரரின் திறமையைப் பாராட்டுவோம், அது உழைப்பு. ஆனால் ஒப்பனையைக் கண்டு உண்மையைக் கண்டதாக மகிழ்வது, அலங்காரம் முடிந்ததும் சிலைக்கு உயிர் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? சிலையை வணங்காதே என்று சொல்லி வளர்ந்த நாம், சட்டமிட்ட படத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாமா? அது நம் தலைவர் படமே ஆனாலும் அளிக்கலாமா?

*

முதலில் புகைப்படம் என்பது என்ன என்று பார்ப்போம். "புகைப்படம் பொய் சொல்லாது" என்பர். கீரனூர்க் கடைத்தெருவில் நெடுங்காலம் புகைப்பட நிலையம் நடத்தி ஓய்ந்த முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"வாத்தியார் தம்பி, என்னிடம் ஒரே ஒரு கோட்டுத்தான் இருந்தது. இந்த ஊர்ப்பக்கத்தில் கலியாணமான மாப்பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தக் கோட்டோடுதான் வீட்டுச் சுவரில் இருக்கிறார்கள். படம் எடுத்ததும் கழற்றி வாங்கிக்கொள்வேன். பின்னால் தாஜ்மகால் திரை. முகத்தில் மரு இருந்தால் நெகட்டிவில் பென்சிலால் தேய்த்துவிடுவேன். பொய் சொல்லாதாமா!"

உழவர் மகன் கோட்டு அணிந்து தாஜ்மகால்முன் நிற்கிறார். பேரன் அதைப் பார்த்து, "எங்கள் தாத்தா கோட்டுப் போட்டு வாழ்ந்தவர்" என்கிறான். நாளை ஒருவர் அந்தத் தாத்தாவின் வரலாற்றைப் படமெடுத்தால், கோட்டின் பொத்தான் வரையில் 'உண்மையாக' இருக்கும்; தாத்தாவின் ஏர் மட்டும் இராது. ஆகவே, புகைப்படத்துக்கு உண்மையாக இருப்பது ஒன்று. மனிதருக்கு உண்மையாக இருப்பது மற்றொன்று.

கடல் கடந்த நாட்டிலிருந்து இதற்கு ஒரு சான்று. 1945 பிப்ரவரி 23 அன்று, பசிபிக் கடலிலுள்ள இவோ ஜிமா தீவின் சுரிபாச்சிக் குன்றில் ஆறு அமெரிக்கப் படைவீரர்கள் கொடிக்கம்பம் நாட்டுவதை ஜோ ரோசென்தால் என்பார் படம் எடுத்தார். உலகெங்கும் பரவிய படம் அது. உண்மையில் அது அன்று அங்கே நாட்டப்பட்ட இரண்டாவது கொடி. வேறு சிலர் சில மணி நேரம் முன்னதாக நாட்டிய சிறிய கொடியை இறக்கிவிட்டு ஏற்றிய பெரிய கொடி. படத்திலுள்ளோர் எனச் சொல்லப்பட்டவர்களுள் உயிரோடு திரும்பிய மூவரை ஊர் ஊராக அழைத்துச் சென்று, போர்க்கடன் பத்திரங்களை விற்றது அமெரிக்க அரசு. இக்கதையைக் கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006-இல் திரைப்படமாக்கினார். புகைப்படத்தின் ஒவ்வொரு கோணமும் அதில் கவனத்தோடு மீண்டும் படைக்கப்பட்டது. புகழுக்கும் போருக்கும் உள்ள உறவைக் கேள்வி கேட்ட நல்ல படமும்கூட.

ஆனால் நடந்தது என்ன? ஆய்வாளர்கள் பழைய படங்களை உருப்பெருக்கி, தலைக்கவசத்தையும் கால்சட்டை மடிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். திரைப்படத்தின் நாயகரான ஜான் பிராட்லி அப்புகைப்படத்தில் இல்லவே இல்லை; அங்கே நின்றவர் ஹெரால்ட் ஷுல்ட்ஸ் என்று 2016-இல் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்ப் பிரிவு அறிவித்தது. 2019-இல் இன்னொரு பெயரும் மாறிற்று. ஊர்வலம் அழைத்துச் செல்லப்பட்ட மூவரில் இருவர் அந்தப் படத்தில் இல்லாதவர்! ஷுல்ட்ஸோ 1995-இலேயே, உலகம் அறியாமல் இறந்துபோனார். படத்துக்கு அணுவும் பிசகாமல் உண்மையாக இருந்த திரைப்படம், ஆளுக்கு உண்மையாக இருக்க முடியவில்லை. ஈஸ்ட்வுட் பொய் சொல்லவில்லை. புகைப்படத்தின்கீழ் எழுதியிருந்த பெயர்களை உலகம் நம்பியதுபோல் அவரும் நம்பினார். அவ்வளவே.

*

இந்திய நாட்டுக்கு வருவோம். ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' 1982-இல் வெளிவந்தது. இராட்டையின் அருகே தரையில் அமர்ந்து காந்தியார் தாள்களைப் படிக்கும் படத்தை அறியாதவர் உண்டோ? மார்கரெட் பூர்க்-வைட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1946-இல் எடுத்தது அது. திரைப்படத்தில் அப்பெண்மணியே ஒரு பாத்திரம். ஆனால், கஸ்தூரிபாய் உயிரோடிருந்த காலத்து ஆகாகான் மாளிகைச் சிறைக் காட்சிக்கே அவரைக் கொண்டுவந்து விடுகிறது கதை. கஸ்தூரிபாய் மறைந்தது 1944-இல். காலம் இடம் மாறியதைக்கூட மன்னிக்கலாம். கதைக்கு ஒரு வசதி என்பார்கள். காந்தியாரின் இறுதி ஊர்வலக் காட்சிக்காக 1981 சனவரி 31 அன்று டெல்லியில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்களைத் திரட்டினார்கள். 1948-இல் எடுத்த ஊர்வலப் படங்களுக்கு ஈடாக அந்த மக்கள் கடல் அமைந்தது. வியந்தோம்.

ஆனால், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தில் அம்பேத்கர் எங்கே? 3 இலட்சம் மக்களுக்கு இடம் தந்த திரையில், தாழ்த்தப்பட்ட மக்களின் தனித்தொகுதி உரிமைக்காக வாதாடி, 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட நேர்ந்த ஒரு மனிதருக்கு இடமில்லை! ஊர்வலம் அச்சு அசல், வரலாறு பாதி. இதைத்தான் நாம் சுட்டுகிறோம். ஒரு படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட, எவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறது என்பதே அதன் நேர்மைக்கு உரைகல்.

தமிழ்த்திரையில் இத்துறையில் விடாது உழைத்தவர் ஞான ராஜசேகரன். 2000-இல் 'பாரதி', 2007-இல் 'பெரியார்', 2014-இல் 'ராமானுஜன்' என மூன்று வரலாற்றுப் படங்கள் தந்தார். வணிகக் குப்பை மலிந்த திரையுலகில் அவை மூன்றும் மதிக்கத்தக்க முயற்சிகள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குறை காண்பது நன்றி கொல்வது ஆகாது.

பாரதியின் புகைப்படங்கள் என இன்று அறியப்படுவன ஐந்தே. ஐந்தும் கருப்பு வெள்ளை. அவற்றிலிருந்து ஓவியம் பிறந்தது. ஓவியர் ஆர்யா தீட்டிய பாரதி வீடுதோறும் சென்றார். ஓவியத்திலிருந்து நாட்காட்டி பிறந்தது. நாட்காட்டியிலிருந்து திரை ஒப்பனை பிறந்தது. மராட்டிய நடிகர் சாயாஜி ஷிண்டே அந்த மீசையோடும் முண்டாசோடும் தோன்றியபோது நாம் ஏன் உடனே ஏற்றுக்கொண்டோம்? புகைப்படத்தை ஒத்திருந்ததனாலா? அன்று, நம் வீட்டு நாட்காட்டியை ஒத்திருந்ததனால்!

புகைப்படத்தில் இல்லாத நிறத்தை, மீண்டும் படைப்பவன் சேர்க்கிறான். சேர்க்கும் இடத்தில்தான் கள்ளமும் நுழைகிறது. 2019-இல் 12-ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் மேலட்டையில் பாரதியின் தலைப்பாகை காவி நிறம் பெற்றதும், நாட்டில் எதிர்ப்பு எழுந்ததும் நினைவிருக்கும். முகம் அதே; மீசை அதே; நிறம் மட்டும் வேறு. ஒரு தூரிகை அசைவில் ஒரு மனிதரை ஒரு முகாமுக்கு உரிமையாக்கிவிடலாம் என்றால், அச்சு அசல் என்ற சொல்லுக்கு மதிப்பு எங்கே?

கணித மேதை இராமானுசன் கதை இன்னும் படிப்பினை மிக்கது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அவரைப்பற்றிச் சொற்பொழிவு செய்யவிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு நல்ல படம் ஒன்று கிடைக்கவில்லை. 1930-களில் தாயகம் வந்த வானியல் அறிஞர் சந்திரசேகர், இராமானுசனின் துணைவியாரிடமிருந்து பெற்றுத் தந்த கடவுச்சீட்டுப் படமே இன்று உலகம் அறிந்த இராமானுசன். ஞான ராஜசேகரனின் படத்தில் இராமானுசனாக நடித்த அபிநய், நம் புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசனின் பேரர். அடுத்த ஆண்டே வெளிவந்த ஆங்கிலப் படமான 'முடிவிலியை அறிந்த மனிதர்' தேவ் பட்டேலை நாயகராக்கியது. இராமானுசன் பருத்த உடலினர் என்று அவரை அறிந்தவர்கள் எழுதினர். தேவ் பட்டேலோ நெடிது மெலிந்தவர். "ஒற்றுமையே இல்லையே!" என்று பலர் குறைகூறினர்.

நமக்கு அது குறையாகவே படவில்லை. நமக்குப் பட்ட குறை வேறு. நாமகிரித் தாயார் உறங்கும்போது நாவில் சூத்திரங்களை வைத்துச் செல்கிறாள் என்று அந்தப் படம் நாயகரைப் பேசவைக்கிறது. அவர் அவ்வாறு நம்பினார் என்றே கொள்வோம். ஆனால், கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலை இளமையில் ஊன்றிப் படித்ததும், தாளுக்குக் காசின்றிச் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்ததும், குறிப்பேடுகளை நிரப்பியதும் யார்? தாயாரா, இராமானுசனா? முழங்கைத் தழும்பு புகைப்படத்தில் தெரியாது, திரைப்படத்தில் தெரியலாம். தெரியவைப்பதே திரையின் தனியாற்றல். உடல் பருமனில் பிசகினால் ஒரு மனிதர் மெலிவார்; உழைப்பின் கணக்கில் பிசகினால் ஒரு நாட்டின் மாணவர் கூட்டமே, "நமக்கு அருள் இல்லை" என்று சிலேட்டைக் கீழே வைத்துவிடும். எந்தப் பிசகு பெரிது?

*

மற்றவரைக் கேட்டோம், நம்மையும் கேட்போம். தன் முதுகைப் பாராத பகுத்தறிவு, பிறர்மேல் வீசும் கல்லே ஆகும்.

1967 சனவரி 12. இராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் எம்.ஆர். ராதா. கழுத்தில் கட்டுடன், மருத்துவமனைப் படுக்கையில், கைகூப்பிய நிலையில் எம்.ஜி.ஆர். இருந்த படம் தேர்தல் சுவரொட்டியாகித் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியில் மக்களை நேரில் சந்திக்காமலே அவர் வென்றார். தி.மு.கழகம் ஆட்சி அமைத்தது. தமிழக அரசியலில் அதைவிடப் புகழ்பெற்ற புகைப்படம் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

1997-இல் மணிரத்னத்தின் 'இருவர்' வந்தது. மோகன்லாலும் பிரகாஷ்ராஜும் நடித்தனர். சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்தார். அந்தக் காலத்து மேடையும் கூட்டமும் உடையும் கண்முன் வந்து நின்றன. பெயர்களை மாற்றி, கற்பனை என்ற போர்வையைப் போர்த்திய கதை அது. கழுத்தில் காயம்பட்ட நடிகர் வருகிறார், மக்களின் கண்ணீர் வருகிறது, வெற்றி வருகிறது. ஆனால், காயத்துக்குக் காரணம் படப்பிடிப்பில் நேர்ந்த விபத்து என்று ஆகிவிடுகிறது. துப்பாக்கி பிடித்த கை மறைந்துவிடுகிறது!

அந்தக் கை யாருடையது? 'இரத்தக்கண்ணீர்' தந்த கை. மேடையில் மூடநம்பிக்கையைச் சாடிய கை. பெரியாரைத் தலைவராகக் கொண்ட ஒருவரின் கை. இது நமக்குச் சங்கடம் தரும் செய்தி. திரைப்படம் அதை மறைத்ததும் நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோமா இல்லையா? காயத்தின் கட்டு அப்படியே இருக்கிறது. காயத்தின் காரணம் இல்லை. கட்டுக்கு உண்மையாக இருந்துவிட்டால் போதுமென்று நாமும் ஒப்புக்கொண்டோம்.

இன்னொரு தீங்கும் உண்டு. 1967 வெற்றிக்குக் காரணம் அந்தப் புகைப்படமே என்று இன்றும் சொல்வார் உளர். திரையும் அதையே வழிமொழிகிறது. அரிசிப் பஞ்சத்தில் வரிசையில் நின்ற தாய்மார் எங்கே? அண்ணா கட்டிய கூட்டணி எங்கே? 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாணவர் படை எங்கே? விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரை வென்றவர் கழுத்தில் கட்டுப்போட்ட நடிகரல்லர். அந்த மாணவர் போராட்டத்தில் முன்னின்ற இளைஞர் சீனிவாசன். ஒரு படத்தைப் பார்த்துக் கண்கலங்கி வாக்களித்தவன் தமிழன் என்று சொல்வது, கேட்க இனிமையாக இருக்கலாம். அது வாக்காளனை அவமதிப்பது. புகழ்பெற்ற புகைப்படத்தை மீண்டும் மீண்டும் காட்டுவதால், புகைப்படம் எடுக்கப்படாத காரணங்கள் மீண்டும் மீண்டும் மறைகின்றன.

*

அப்படியானால் திரைப்படம் என்னதான் செய்யவேண்டும்? குறை மட்டும் கூறி வழி கூறாது போவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

1961-இல் பி.ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். வ.உ.சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் நடித்தார். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தார் என்றதும் நம் கண்முன் ஒரு காட்சி வருகிறதல்லவா? அது புகைப்படமன்று. மாட்டுக்குப் பதிலாக மனிதரைச் செக்கில் பூட்டிய வெள்ளையராட்சி, அந்தக் கொடுமையைப் படம்பிடித்துச் சுவரில் மாட்டிவைக்கவா செய்யும்? நம் நெஞ்சிலுள்ள காட்சியில் பெரும்பங்கு திரை தந்தது. வ.உ.சி.யே தன் வரலாற்றில் எழுதியதும் மக்கள் நினைவில் நின்றதும் அதற்கு ஆதாரம். வெளியான காலத்தில் வசூலில் வெற்றிபெறாத அந்தப் படம், ஆள்வோர் எடுக்கவிடாத படத்தை எடுத்துக் கொடுத்தது. புகைப்படம் உள்ள இடத்தில் நகல் எடுப்பது எளிது. புகைப்படம் இல்லாத இடத்தில், சான்றைத் துணைக்கொண்டு உண்மையை எழுப்புவதே அரிது. அதுவே திரையின் கடமை.

மற்றொன்று, நம் மாணவன் கொண்டுவந்த படத்தையே பற்றியது. பெரியார் கடைசி ஆண்டுகளில் உடலில் குழாயும் அதன் முடிவில் ஒரு கலமுமாக ஊர் ஊராகச் சென்றார். 1973 டிசம்பர் 19 அன்று சென்னைத் தியாகராயர் நகரில் பேசியதே அவரது இறுதிச் சொற்பொழிவு. பேச்சின் நடுவே வலி பொறுக்காமல் அவர் முனகியதைக் கேட்டவர்கள் கூறுவர். முனகல் அடங்கியதும் மீண்டும் பேசினார். ஐந்தாம் நாள் வேலூரில் மறைந்தார். அவர் மேடையில் அமர்ந்திருக்கும் புகைப்படத்தில் வெண்தாடி தெரியும், வலி தெரியாது. நடிகர் எவ்வளவு நெடியவர், அவர் ஒட்டிய தாடி எவ்வளவு பொருத்தம் என்று அளப்பது ஒரு மணித்துளி வேலை. 94 வயதில், வலியோடு, எதற்காக ஒரு மனிதர் மேடை ஏறினார் என்று பார்ப்பவனைக் கேட்கவைப்பதே திரையின் வெற்றி. அதைக் கேட்காமல் நம் நாற்பது மாணவர்கள் தாடியை மட்டும் கொண்டு பெரியாரை அடையாளம் கண்டார்கள் என்றால், குறை திரைக்கு மட்டுமா? வகுப்பறைக்கும் உண்டு.

ஆகவே, அன்றைய வகுப்பில் பாடநூலை மூடினோம். பையன் கொண்டுவந்த படத்தின் பக்கத்தில் பெரியாரின் உண்மையான புகைப்படத்தை வைத்தோம். வேறுபாடுகளை அவர்களே சொன்னார்கள். பிறகு கரும்பலகையில் மூன்று கேள்விகள் எழுதினோம். இந்தப் படத்தை எடுத்தவர் யார், எவருக்காக? படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் நடந்தது என்ன? சட்டத்துக்கு வெளியே நிற்பவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு வந்தபோது ஒன்று கேட்டோம்: "1965 மொழிப்போரில் நம் கீரனூர்க்காரர் ஒருவர் உயிர் நீத்தார். அவர் பெயர் தெரியுமா?"

வகுப்பு அமைதியாயிற்று.

கீரனூர் முத்து. இப்பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்த காலம் அது; புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது 1974-இல். இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து நஞ்சருந்தி மாண்டவர் அவர். அதே கிளர்ச்சியில், நமக்கு அண்மையிலுள்ள விராலிமலையின் சண்முகமும் அவ்வழியே போனார். உயிரைக் கொடுக்காமல், உயிரோடிருந்து போராடுவதே வேண்டுமென்று இன்று நம் மாணவருக்குச் சொல்வோம். ஆனால் அவர்களை மறக்கச் சொல்லோம். தேர்தல் மேடைகளில் ஒரு வரியாக அவர்கள் பெயர் படிக்கப்படுகிறது. சனவரி 25-இல் மாலை சூட்டப்படுகிறது. அந்த இளைஞரின் முகம், அவர் பிறந்த ஊரின் பள்ளியில் நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நடிகரின் முகமோ அனைவருக்கும் தெரிந்திருக்கிறது!

*

தோழர்களே! கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினி இன்று நிறம் ஏற்றுகிறது. அசையாத உதட்டை அசைக்கிறது; மறைந்தவரின் குரலைப் பேசவைக்கிறது. 2024-இல் கலைஞரின் உருவத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் உயிர்ப்பித்து ஒரு விழாவில் வாழ்த்துரை வழங்கச் செய்தார்கள். அதுவும் நம் முகாமிலேதான். அன்பினால் செய்தது என்பர். இன்று அன்பு செய்வதை நாளை பகை செய்யாதா? பெரியார் சொல்லாததைப் பெரியாரின் முகமே சொல்லும் நாள் தொலைவில் இல்லை. அன்று அச்சு அசல் என்று கைதட்டினால், நாம் எதற்குக் கைதட்டுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது போகும்.

படமெடுப்போரை ஒன்று வேண்டுகிறோம். புகைப்படத்தை மீண்டும் படைத்தால், எது சான்று, எது கற்பனை என்று படத்தின் முடிவிலேனும் சொல்லுங்கள். அசலையும் ஒரு கணம் காட்டுங்கள். நடிகருக்கு அதனால் இழிவில்லை.

இளைஞர்களுக்குச் சொல்வது வேலை. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், இரும்புப் பெட்டியின் அடியில் பழைய படங்கள் இருக்கின்றன. மாநாட்டுக்குப் போன தாத்தா, மறியலில் கைதான பாட்டி, சீர்திருத்தத் திருமணத்தில் மாலை மாற்றிய பெற்றோர். அவற்றை எடுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த ஊர், எடுத்தவர் யார் என்று முதியவர்களைக் கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். கேட்கத்தக்க முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். பெயரில்லாத படம் ஒரு தலைமுறையில் வெறுந்தாள் ஆகிவிடும்.

மறுநாள் உறுதிமொழி ஏற்றோம். மேசைமீது அசல் படம் இருந்தது. பையன் கொண்டுவந்ததையும் அவன் மனம் நோகாதபடி வகுப்பறையில் மாட்டினோம். கீழே, 'பெரியார் திரைப்படத்தில் நடிகர் சத்யராஜ், 2007' என்று அவன் கையாலேயே எழுதச் செய்தோம். எழுதி முடித்தவன் பக்கத்திலிருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தான்.

"ஐயா, நம் ஊர் முத்துவின் படம் எங்கே கிடைக்கும்?"

தேடிக்கொண்டிருக்கிறோம். ஆணி அடித்தாயிற்று.